குண்டு பல்பு 813 வாட்ஸா?

கேள்வி (மன்னார்குடி வாசகர்): சார், பரண்ல பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணு கெடந்துச்சு. புதுசா மல்டிமீட்டர் வாங்குன ஜோர்ல அதோட ரெசிஸ்டன்ஸ (ஓம்ஸ்) பாத்தேன், 65 காட்டுது. பையன் பத்தாவது படிக்கிறான், அவன் சொன்ன பார்முலா படி 230ஐ 230ஆல பெருக்கி 65ஆல வகுத்தா 813 வாட்ஸ் வருது. மீட்டர் டுபாக்கூரா, பல்பு டுபாக்கூரா, இல்ல பார்முலாவே தப்பா?

பதில்: மூணுமே சரிதான் சார், நீங்க அளந்த நேரம்தான் தப்பு. மீட்டர ஓம்ஸ்ல வச்சா அதுக்குள்ள இருக்குற குட்டி பேட்டரி துளியூண்டு கரண்ட்ட அனுப்பிப் பாக்கும், அதுல பல்புக்குள்ள இருக்குற டங்ஸ்டன் கம்பி சூடே ஆகாது, ஆனா வீட்டு லைன்ல எரியும்போது அதே கம்பி 2500 டிகிரி பக்கத்துல தகதகன்னு இருக்கும், டங்ஸ்டன் சூடாக சூடாக அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கிட்டே போகும். பையன ஓம் விதிய ஒருவாட்டி ஒப்பிக்கச் சொல்லுங்க, ஆரம்பத்துலயே 'மாறா வெப்பநிலையில்'னு வரும். மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு நாம எல்லாரும் மறந்துட்ட வார்த்தை அது.

எரியுற பல்போட ரெசிஸ்டன்ஸ் வேணும்னா எரியும்போது இருக்குற வோல்ட், ஆம்ப் ரெண்டையும்தான் எடுக்கணும். வோல்ட்ட ஆம்ப்பால பெருக்கினா வாட்ஸ், அப்போ 60ஐ 230ஆல வகுத்தா 0.26 ஆம்ப். வோல்ட்ட ஆம்ப்பால வகுத்தா ஓம்ஸ், அது 880 சொச்சம் வரும். உங்க 65 எங்க, இது எங்க, 13 மடங்குக்கு மேல வித்தியாசம்!

ஆனா அந்த 813ஐயும் தூக்கிப் போட்டுடாதீங்க. சுவிட்ச் போடுற அந்த நொடியில கம்பி பச்சத்தண்ணி மாதிரி ஆறித்தானே இருக்கு, அப்போ நிஜமாவே மூன்றரை ஆம்ப் கிட்ட இழுக்கும், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள சூடாகி 0.26க்கு எறங்கிடும். குண்டு பல்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது போறத விட சுவிட்ச் போட்டதும் 'டப்'புன்னு பியூஸ் போறதுதான் ஜாஸ்தி, காரணம் இதுதான்.

இதே சோதனைய 2000 வாட்ஸ் கீசர்ல பண்ணிப் பாருங்க (பிளக்க புடுங்கிட்டு, லைன் இருக்கும்போது ஓம்ஸ் பாக்கவே கூடாது). மீட்டர்ல 26 பக்கத்துல வரும், கணக்கு போட்டாலும் 26.45தான். ஹீட்டர் காயில் நைக்ரோம்ங்கிற உலோகக் கலவை, சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் பெருசா மாறாது.

கேள்வி (அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமத்து வாசகி): எங்க ஊர்ல சாயங்காலமானா வோல்டேஜ் 180தான் வருது. கீசர் சூடாகவே மாட்டேங்குது, சரி பில்லாவது கம்மியாகும்னு மனச தேத்திக்கிறேன், அது சரியா?

பதில்: மனச தேத்திக்கலாம், பில் தேறாது. காயில் அதே 26.45 ஓம்ஸ்தான், 180ஐ அதால வகுத்தா 6.8 ஆம்ப், பெருக்கினா 1225 வாட்ஸ். பாருங்க, வோல்டேஜ் அஞ்சுல ஒரு பங்குதான் கொறஞ்சிருக்கு, பவர் அஞ்சுல ரெண்டு பங்கு கொறஞ்சு போச்சு, ஏன்னா வோல்டேஜ் கொறையும்போது கரண்டும் சேந்து கொறையுது. 25 லிட்டர் தண்ணிய 28 டிகிரிலேர்ந்து 55க்கு கொண்டு போக முக்கா யூனிட்டுக்கு கொஞ்சம் மேல ஆகும், அது 230லயும் அதேதான் 180லயும் அதேதான். 24 நிமிஷத்துல ஆகவேண்டியது 38 நிமிஷம் ஆகும், அவ்ளோதான் வித்தியாசம்.

அந்த நேரத்துல மோட்டார் மட்டும் போடாதீங்க. ஹீட்டர் மாதிரி அது சும்மா அடங்கி இருக்காது, லோடு அப்படியே இருக்கு வோல்டேஜ் இல்லன்னா கரண்ட்ட கூட இழுத்து ஈடு கட்டப் பாக்கும், காயில் கருகிடும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): பிரிட்ஜ் ஓடும்போது கிளாம்ப் மீட்டர்ல (ஒயர வெளிய இருந்தே கவ்வி கரண்ட் அளக்குற மீட்டர்) 1.1 ஆம்ப் வருது. 230ஆல பெருக்கினா 253 வாட்ஸ், ஆனா பில் அந்த அளவுக்கு வரலையே? ஈபி மீட்டர் மெதுவா ஓடுதோ?

பதில்: அப்படி ஒரு நல்ல காலம் நமக்கு ஏது! வோல்ட் இண்டு ஆம்ப் அப்படியே வாட்ஸ் ஆகுறது பல்பு, கீசர், அயர்ன் பாக்ஸ் மாதிரி சும்மா சூடாகுற சாமானுக்குத்தான். கம்ப்ரஸர்ல மோட்டார் இருக்கு, அதுல கரண்ட் வோல்டேஜுக்கு கொஞ்சம் பின்தங்கி வரும், இழுக்குற கரண்ட்ல ஒரு பகுதி வேலை செய்யாம போயிட்டு திரும்பி வந்துடும், வோல்ட் இண்டு ஆம்ப்ல நிஜமான வாட்ஸ் எத்தன பங்குங்கிறதத்தான் பவர் பேக்டர்னு சொல்றாங்க. வீட்டு மீட்டர் நிஜமான வாட்ஸுக்குத்தான் யூனிட் போடும். அந்த மீட்டர வச்சே கண்டுபிடிச்சுடலாம், மத்ததெல்லாம் ஆப் பண்ணிட்டு பிரிட்ஜ மட்டும் ஓட விடுங்க, மீட்டர்ல மினுக் மினுக்குன்னு ஒரு செவப்பு லைட் இருக்குல்ல, பக்கத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தன வாட்டி மின்னும்னு போட்டிருக்கும். 3200ன்னு வச்சுக்குவோம். ஒரு மினுக்குலேர்ந்து எண்ண ஆரம்பிச்சு அடுத்த 10 மினுக்குக்கு 75 செகண்ட் ஆச்சுன்னா பிரிட்ஜ் 150 வாட்ஸ். 253ஆல வகுத்தா பவர் பேக்டர் 0.6 பக்கம். வோல்ட்ட ஆம்ப்பால வகுத்து 209 ஓம்ஸ்னு இதுக்கு ரெசிஸ்டன்ஸ் சொல்றதும் அதே தப்புதான், அது இம்பீடன்ஸ், அதாவது ரெசிஸ்டன்ஸோட மோட்டார் காயில் கரண்ட்ட பின்தங்க வைக்கிற தடையும் சேந்தது.

கேள்வி (தாம்பரம் வாசகர்): அயர்ன் பாக்ஸ் ஒயர்ல கிளாம்ப் மாட்டுனா ஜீரோ காட்டுது, மீட்டர் புதுசு!

பதில்: மீட்டர கடையில திருப்பிக் குடுத்துடாதீங்க. முழு ஒயரயும் கவ்வ விட்டிருப்பீங்க, உள்ள போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு ஜீரோ ஆயிடுது. பேஸ் ஒயர் மட்டும் தனியா வர்ற மாதிரி ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் பண்ணி வச்சுக்கங்க, அந்த ஒத்த ஒயர கவ்வ விடுங்க, 1000 வாட்ஸ் பாக்ஸா இருந்தா 4.3 ஆம்ப் காட்டும்.