முதல் தடவையாக ஓர் ஆய்விதழுக்கு மதிப்பாய்வு செய்யச் சொல்லி, அதாவது வெளியிடும் முன் இன்னொருவரின் கட்டுரையை வாசித்துக் கருத்துச் சொல்லும்படி, அழைப்பு வந்திருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில், அழைப்பைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே போட்டு வைக்காதீர்கள். ஏற்கிறீர்களோ மறுக்கிறீர்களோ, ஓரிரு நாளில் பதில் போடுங்கள். இதில் நானே பிழை விட்டவன். எட்டு வருசத்துக்கு முன் "மூன்று கிழமையில் தருகிறேன்" என்று ஒரு கட்டுரையை வாங்கினேன். பரீட்சைத் தாள் திருத்தம், வீடு மாறியது என்று நாலு மாதம் ஓடிவிட்டது. எடிட்டரின் மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகுதான் திறந்தேன். எழுதியது யாரென்று இன்றும் தெரியாது. பட்டத்துக்கு ஒரு வெளியீடு குறைகிறது என்று காத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையாக இருந்தால்? நினைத்தால் இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

நான் கொழும்பில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கால்வாய், கிணற்று நீரின் தரம்தான் என் ஆய்வு. வழிகாட்டிகள் அவ்வளவாகப் பேசாத ஒரு சிக்கல் எங்களைப் போன்ற சின்ன இடங்களில் உண்டு. எழுதியவர், மதிப்பாய்வாளர் என இரு தரப்புப் பெயரும் மறைக்கப்படும் என்பார்கள். ஒருமுறை தெகிவளைக் கால்வாயில் ஆறு இடங்களில், பன்னிரண்டு மாதம் மாதிரி எடுத்த கட்டுரை ஒன்று வந்தது. இரண்டாம் பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். இந்தத் தீவில் அந்த வேலையைச் செய்கிற ஆய்வுகூடங்களை விரல்விட்டு எண்ணலாம். எழுதியவன் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவன்.

உடனே எடிட்டருக்கு எழுதினேன்: 'ஆசிரியர் யாரென்று ஊகிக்கிறேன், பழைய நண்பர், ஆனால் சேர்ந்து எதுவும் எழுதியதில்லை, தொடரலாமா?' தொடரச் சொன்னார்கள். வேண்டாம் என்றிருந்தால் விட்டிருப்பேன். கோப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது (நம் பாராளுமன்றத்துக் கோப் குழு அல்ல, 1997 இல் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழு). மதிப்பாய்வாளருக்கென்று அவர்கள் 2013 இல் வெளியிட்டு 2017 இல் திருத்திய வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: சந்தேகம் இருந்தால் எடிட்டரிடம் கேள். சில பக்கம்தான், ஏற்பதற்கு முன் வாசித்துவிடுங்கள்.

அந்தக் கட்டுரைக்கே வருகிறேன். ஆறு இடம், பன்னிரண்டு மாதம், ஆக 72 மாதிரி. மூன்றாவது அட்டவணையைக் கூட்டினால் 68 தான் வந்தது. 'கவனயீனம்' என்று எழுதக் கை துடித்தது. எழுதவில்லை. "68 வருகிறது. மீதி நான்கும் ஏன் விடுபட்டன, எந்த மாதம்?" என்று மட்டும் கேட்டேன். பதிலில் விசயம் வெளியே வந்தது: ஒரு மாதம் வெள்ளத்தில் நாலு இடங்களுக்குப் போக முடியவில்லையாம். கழிவு அதிகம் அடித்துவரக்கூடிய நாட்கள் அவை! அவற்றை விட்டுவிட்டு எடுத்த வருடச் சராசரியை எப்படி நம்புவது? கடைசியில் முடிவுரையை மாற்றி எழுதினார்கள். "ஆங்கிலம் சரியில்லை" என்று ஒற்றை வரி எழுதி நிராகரிக்கிறவர்கள் இந்த நாலைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

உங்கள் சொந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எனக்கு ஒருவர் அப்படி மூன்று கட்டுரை அனுப்பினார், எல்லாமே ஒரே ஆள் எழுதியவை, அதில் ஒன்று கொங்கிரீட் பற்றியது. உங்கள் மாணவரிடம் வாசிக்கக் கொடுப்பதென்றால் எடிட்டரிடம் முதலே அனுமதி கேட்டு, அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லுங்கள். சட்ஜிபிடியில் ஏற்றுவதும் இன்னொருவரிடம் காட்டுவதுதான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம், நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுவோர் அப்படிச் செய்வதை 2023 இலேயே தடைசெய்துவிட்டது.

பிறகு வாய்: மதிப்பாய்வு செய்தது நீங்கள்தான் என்று வெளியே சொல்லாதீர்கள். 1936 இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று ஒரு கட்டுரையை 'பிசிக்கல் ரிவியூ'வுக்கு அனுப்பினார்கள். எடிட்டர் அதை வேறொருவரிடம் காட்டியதற்கே ஐன்ஸ்டைனுக்குக் கோபம், திருப்பி எடுத்துக்கொண்டார். பிழையைக் கண்டுபிடித்த அந்த மதிப்பாய்வாளர் ரொபேர்ட்சன், ஐன்ஸ்டைன் இருந்த பிரின்ஸ்டனிலேயே வேலை செய்தவர். பிறகு ஐன்ஸ்டைனின் உதவியாளரோடு சாதாரணமாகக் கதைப்பதுபோல் பிழையை விளங்கவைத்தார், தான்தான் அந்த ஆள் என்று காட்டிக்கொள்ளவில்லை. கட்டுரை முடிவு மாறி 1937 இல் வேறு இதழில் வந்தது. அவர் பெயர் பகிரங்கமானது 2005 இல்.

கால்வாய்க் கட்டுரை வெளிவந்த பிறகு என் நண்பனை வெள்ளவத்தையில் ஒரு பேக்கரியில் சந்தித்தேன். பிளேன்டீ வரும் முன்பே தொடங்கிவிட்டான். "மச்சான், அந்த ரெண்டாவது ரிவியூவர் இருக்கிறானே, ஒரு வேலையும் இல்லாதவன் போல. இருந்து ஒவ்வொரு அட்டவணையாகக் கூட்டிப் பார்த்திருக்கிறான்டா."

"அப்படியும் ஆட்கள் இருக்கினம்" என்று சொல்லிவிட்டு மீன் பணிஸைக் கடித்தேன்.