பங்குத்தந்தையின் நாற்காலி

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த ‘கோயிங் மை வே’ (1944) பார்த்தேன். பாட்டுப் பாடியே எல்லாரையும் திருத்திவிடும் ஓர் இளம் பாதிரியார். கெட்டவர் என்று சொல்ல எவருமில்லை. ‘டபுள் இண்டெம்னிட்டி’யை முந்தி இது சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது எப்படி? போர்க்காலத்து மக்களுக்கு இனிப்பு தேவைப்பட்டது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இனிப்பு கூடுதல்தான். வான்கோழி திருடும் தெருப்பையன்கள் அத்தனை விரைவில் தேர்ந்த பாடகர் குழுவாகிவிடுவதை நானும் நம்பவில்லை. எனக்கு வாக்கு இருந்திருந்தால் அதை ‘டபுள் இண்டெம்னிட்டி’யை இயக்கிய பில்லி வைல்டருக்கே அளித்திருப்பேன். ஆனால் இளம் பாதிரியாராக நடித்த பிங் கிராஸ்பி பாடுவதைக் கேட்ட நீங்கள், அந்தப் பாதிரியார் எதை மறைக்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது.

நியூயார்க்கின் புனித தோமினிக் ஆலயத்துக்கு இளையவர் தமக்கு உதவியாளராக வந்திருப்பதாகவே, அதன் பொறுப்பிலிருக்கும் முதிய பங்குத்தந்தை ஃபிட்ஸ்கிப்பன் எண்ணுகிறார். உண்மையிலோ, கடனில் மூழ்கிய அந்த ஆலயத்தின் பொறுப்பை ஏற்கத்தான் ஆயர் (பிஷப்) அவரை அனுப்பியிருக்கிறார். அதிகாரம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, முதியவரின் கடிந்துரைகளைப் பணிவோடு கேட்டு நிற்கும் இந்த அன்பான ஏமாற்றுதான் படத்தின் நாடகம். இளையவரை மாற்றச் சொல்லி ஆயரிடம் முறையிடப் போகும் முதியவர், உண்மையைப் புரிந்துகொண்டு திரும்பி, அதைத் தாமாகவே பேச்சில் எடுத்து, இளையவரின் கௌரவத்தையும் தம்முடையதையும் ஒருசேரக் காப்பாற்றுகிறார். பிறகு அவர் மழையில் வீட்டைவிட்டு வெளியேறுவதும், காவலர் அழைத்துவருவதும், புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்த விஸ்கியை இருவரும் அருந்துவதும் சிரிப்புக் காட்சிகள் போலத் தோன்றினாலும், நாற்காலியை இழந்த ஒருவரின் வலி அவற்றில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

டப்ளினின் அபே நாடக அரங்கிலிருந்து வந்த பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் இந்த ஒரே வேடத்துக்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் ஆகிய இரு பிரிவுகளிலும் பரிந்துரைக்கப்பட்டு, இரண்டாவதில் வென்றார். முதலாவது கிராஸ்பிக்குப் போயிற்று. ஒரே வேடத்தை இரு பிரிவுகளிலும் பரிந்துரைக்க முடியாதபடி பின்னர் விதியையே மாற்றினார்கள். படம் யாருடைய கதை என்பதில் ஆஸ்கர் வாக்காளர்களுக்கே தெளிவில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். படம் பெற்ற 7 விருதுகளில் எனக்கு முழு நியாயமாகத் தெரிவது ஃபிட்ஸ்ஜெரால்டுடையது.

இயக்குநர் லியோ மெக்கேரி, பிள்ளைகளால் பிரித்துவைக்கப்படும் வயதான தம்பதியைப் பற்றி 1937இல் ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்ற படத்தை எடுத்தவர். அதில் சர்க்கரை கிடையாது. அதைப் பார்த்துவிட்டு, முதியவர் ஆயரிடமிருந்து திரும்பும் காட்சியை மட்டுமாவது மறுபடி பாருங்கள். அதன் பிறகும் உங்கள் கருத்து மாறாவிட்டால் எழுதுங்கள், வாதிடலாம்.