கீழ்ப்படியாமையும் தண்டனையும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பக்தியுள்ள குடும்பத்தில் வளர்ந்தவள். சில ஆண்டுகளாக வழிபாட்டையும் விரதங்களையும் விட்டுவிட்டேன். அவற்றில் மனம் ஒட்டவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அண்மையில் என் மகன் கடுமையாக நோயுற்றபோது, நான் கடவுளின் கட்டளையை மீறியதற்கான தண்டனைதான் இது என்று குடும்பப் பெரியவர் ஒருவர் சொன்னார். நீதியுள்ள கடவுள் அப்படிச் செய்வாரா? செய்யமாட்டார், அவர் யாரையும் தண்டிப்பதே இல்லை என்றால், ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு முதுமையில் நிம்மதியாகக் கண்மூடுகிறவர்களுக்கு என்ன பதில்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் நலம்பெற வேண்டும் என்று மனதார விழைகிறேன்.

நீதியுள்ள கடவுள் அப்படிச் செய்யமாட்டார். தாய் விரதத்தை விட்டதற்காக மகனை நோயில் தள்ளுவது எந்த நீதியிலும் சேராது. இதைச் சொல்ல நாத்திகராக இருக்கவேண்டியதில்லை. தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை, மகனுடைய அக்கிரமத்தைத் தகப்பன் சுமப்பதில்லை என்று எபிரேய வேதத்தின் எசேக்கியேல் நூல், 18ஆம் அதிகாரத்தில், ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. அதே வேதத்தில் வரும், குற்றமின்றித் துன்புற்ற யோபுவின் கதையில், துன்பப்படுகிறவன் ஏதோ குற்றம் செய்திருக்கவேண்டும் என்று வாதிட்டவர்கள் அவனுடைய நண்பர்கள். இறுதியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மீதுதான் விழுகிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன், தம்மோடு வழக்காடிய யோபுவே என்கிறார். (அக்கதையில் யோபுவின் பிள்ளைகள் மாண்டுபோவதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்க முடிந்ததில்லை.)

மகனை விட்டுவிட்டு, உங்களையே தண்டித்தால் அது நீதியாகுமா என்று கேட்டுப்பார்ப்போம். கீழ்ப்படியாமை என்பது தன்னளவிலேயே ஒரு குற்றமா? ஒரு செயல் கடவுளுக்கு உகந்தது என்பதால் நல்லதாகிறதா, நல்லது என்பதால் அவருக்கு உகந்ததாகிறதா என்று பிளேட்டோ தம் ஆசிரியர் சாக்ரட்டீசின் வாயிலாகக் கேட்டு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. கட்டளையிட்டதனால் மட்டுமே ஒன்று நல்லதாகிறது என்றால், நீதியுள்ள கடவுள் என்ற சொற்சேர்க்கைக்குப் பொருளே இல்லை; அவர் எதைச் செய்தாலும் அதற்கு நீதி என்று பெயர் சூட்டிவிடலாம். நல்லது என்பதால்தான் கட்டளையிட்டார் என்றால், அதை மீறுவதன் தீமை, அந்த மீறலால் யாருக்கு என்ன கேடு விளைந்தது என்பதில் இருக்கவேண்டும். நான் இரண்டாவதையே நம்புகிறேன். கொலை செய்யாதே என்ற கட்டளையை மீறியவன் ஓர் உயிரை அழித்தான். விரதத்தை விட்ட நீங்கள் யாருக்கு என்ன கேடு செய்தீர்கள்?

கடவுளுக்கே கேடு செய்ததாகச் சொல்வோர் உண்டு. ஐரோப்பிய இறையியலில் 11ஆம் நூற்றாண்டின் ஆன்செல்ம் முதல், கடவுளின் மாண்பு எல்லையற்றது, ஆகவே அவருக்கு எதிரான குற்றமும் எல்லையற்றது என்ற வாதம் வலுவாக இருந்துவந்திருக்கிறது. முடிவில்லாத நரகத்தை நியாயப்படுத்த அது பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்டது. குடியானவனை அடித்தால் சிறு அபராதம், மன்னனை அடித்தால் மரணம் என்ற காலத்துச் சட்டத்தின் சாயல் அதில் தெரிகிறது. எனக்கோ அது தலைகீழாகத் தோன்றுகிறது. எதனாலும் குறைவுபடாத ஒருவரை நம்முடைய அலட்சியம் எப்படிக் காயப்படுத்தும்? அவமதிப்புக்காகப் பழிவாங்குவது, தன் அதிகாரம் பறிபோகுமோ என்று அஞ்சுகிற அரசனின் குணம்.

அரசனுக்கே வள்ளுவர் அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் முதல் குறள், குற்றத்தைத் தக்கபடி ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாத வகையில், குற்றத்துக்கு ஒத்த அளவில் தண்டிப்பவனே வேந்தன் என்கிறது. ஒரு மனித ஆட்சியாளனிடம் எதிர்பார்க்கும் இந்த அளவைக் கடவுளிடம் எதிர்பார்க்கக்கூடாதா? எழுபது, எண்பது ஆண்டு வாழ்க்கையின் பிழைகளுக்கு முடிவற்ற வேதனை என்பது ஒத்த அளவு ஆகாது. திருந்தி வாழ வாய்ப்பே தராத தண்டனையால் குற்றம் தடுக்கப்படுவதும் இல்லை.

இதைவிடக் கனிவான ஒரு பதில் நம் மொழியிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார், சொல்வழி நடக்காத பிள்ளைகளைப் பெற்றோர் அதட்டுவதும், பிரம்பால் அடிப்பதும், கட்டிப்போடுவதும் எல்லாம் பரிவினால்தான், ஈசனின் சினமும் அத்தகையதே என்று சிவஞான சித்தியாரில் எழுதினார். இங்கே தண்டனை பழிவாங்கல் அல்ல, மருந்து; அதற்கு ஒரு முடிவும் உண்டு. கடவுள் தண்டிப்பார் என்று சொல்வோரில் எனக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். ஆனால் அடிக்கும் பெற்றோர் எதற்காக அடிக்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும். நோயில் கிடப்பவருக்கோ, பிறவியிலேயே ஊனமுற்றவருக்கோ அது தெரிவதில்லை. முற்பிறவியின் வினை என்று சொன்னாலும் அந்த வினை அவர் நினைவில் இல்லை. எதற்கு என்று தெரியாமல் அனுபவிக்கும் வலி யாரைத் திருத்தும்? திருத்தாத வலியைப் பரிவு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கனமானது. அதை எளிதில் தள்ளிவிட நான் விரும்பவில்லை. கொலையாளி நிம்மதியாகச் செத்தான் என்பதை நினைக்கும்போது நமக்குள் எழும் கொதிப்பு வெறும் பழியுணர்ச்சி அல்ல. கொல்லப்பட்டவர்களின் வாழ்வுக்கு மதிப்பு உண்டு என்பதை யாராவது அறிவிக்கவேண்டும் என்ற தவிப்பு அது. கடவுள் எல்லாரையும் மன்னித்துவிடுவார் என்று இலகுவாகச் சொல்பவர்கள், இறந்தவர்களின் சார்பில் மன்னிக்கும் உரிமையை யாரிடமிருந்து பெற்றார்கள் என்று கேட்டுக்கொள்வதில்லை. கடவுளே ஆனாலும் அந்த உரிமை அவருக்குத் தானாக வந்துவிடாது என்றே கருதுகிறேன்.

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூத மரபின் சட்டத் தொகுப்பான மிஷ்னா இங்கே மிகத் தெளிவாக ஒரு கோடு போடுகிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றங்களை, யூதர்கள் ஆண்டுதோறும் நோன்பிருந்து மன்னிப்பு வேண்டும் பாவநிவாரண நாள் தீர்த்துவைக்கும். மனிதனுக்கும் சக மனிதனுக்கும் இடையிலான குற்றத்தையோ, தீங்கு செய்தவன் தீங்குக்கு உள்ளானவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் தீர்க்காது. கீழ்ப்படியாமைக்கும் கொடுமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நேர்மையாகச் சொன்ன ஒரு விதியை நான் படித்ததில்லை. நீங்கள் விட்ட விரதங்கள் முதல் வகை. அவை உங்களுக்கும் கடவுளுக்கும் இடையில் இருக்கட்டும், மூன்றாமவர் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். படுகொலை இரண்டாம் வகை.

மரணத்துக்குப் பின் ஒரு விசாரணை உண்டு என்று என்னால் உறுதிகூற முடியாது. உண்டென்றால், கொன்றவன் தான் செய்ததை, அதன் முழு வேதனையோடு, கொல்லப்பட்ட ஒவ்வொருவரின் முன்னிலையிலும் உணரவேண்டும் என்று விரும்புகிறேன். அவன் எத்தனை முறை வழிபட்டான் என்ற கணக்கு அங்கே எடுக்கப்படக்கூடாது. தண்டனையா மன்னிப்பா என்பதைக் கடவுள் முடிவுசெய்வதற்கு முன் அவர்களைக் கேட்கவேண்டும்.

அன்புடன்