ஒரு கோர் மட்டும் ஏன் திணறுகிறது?

கேள்வி: 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு போட்ட லினக்ஸ் சர்வரில் வேகம் 4 ஜிகாபிட்டைத் தாண்டவில்லை. ப்ராசஸரின் 8 கோர்களில் ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது, மற்றவை சும்மா இருக்கின்றன. இன்டரப்ட் (பாக்கெட் வந்துவிட்டது என்று கார்டு ப்ராசஸரைத் தட்டும் அழைப்பு) சுமையை எப்படிக் குறைப்பது?

பதில்: குறைப்பது இருக்கட்டும், அந்த இன்டரப்ட் எல்லாம் எங்கே போய் விழுகிறது என்று முதலில் பாருங்கள். ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் என்றொரு கோப்பு உண்டு. கார்டின் கியூ (வந்த பாக்கெட்டுகள் நிற்கும் வரிசை) ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, கோர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. சில நொடி விட்டு இரண்டு முறை பாருங்கள். ஒரே பத்தியில் மட்டும் எண் எகிறினால் சிக்கல் சுமையில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. கார்டின் அமைப்பை மாற்றும் எத்டூல் கட்டளை கொண்டு கியூக்களைக் கூட்டுங்கள், இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூ பேலன்ஸ் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் ஒரே டிசிபி இணைப்பில் சோதித்தால் இது உதவாது. முகவரியையும் போர்ட்டையும் வைத்துத்தான் கார்டு கியூவைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு இணைப்பு என்றால் ஒரே கியூ, ஒரே கோர். அங்கே ஜிஆர்ஓ இயங்குகிறதா என்று பாருங்கள். சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒன்றாக மேலே அனுப்பும் வசதி அது.

அப்புறம்தான் கோயலசிங். பாக்கெட் வந்தவுடன் ப்ராசஸரைத் தட்டாமல், கார்டு சற்றுப் பொறுத்துச் சேர்த்துத் தட்டும். 1500 பைட் பாக்கெட்டுகளில் 10 ஜிகாபிட் என்றால் நொடிக்குச் சுமார் 8 லட்சம் பாக்கெட். அப்படிப் பொறுக்கும் நேரமான ஆர்எக்ஸ் யூசெக்ஸ் (rx-usecs) மதிப்பை 50 மைக்ரோ நொடி என வைத்தால், ஒரு கியூவுக்கு நொடிக்கு 20,000 இன்டரப்ட்டுக்கு மேல் வராது. ஒவ்வொரு தட்டலுக்கும் 40 பாக்கெட் காத்திருக்கும். (லினக்ஸில் பாக்கெட்டுகளை வாங்கும் முறையான நாப்பியும் நெருக்கடி நேரத்தில் இன்டரப்ட்டை அணைத்துவிட்டுத் தானே போய்ப் பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஆகவே கணக்கைவிடக் குறைவாகவே தெரிந்தால் பயப்பட வேண்டாம்.)

நன்றாக இருக்கிறதே என்று 1000-க்கு ஏற்றிவிடாதீர்கள். அதே வேகத்தில் 800 பாக்கெட் குவியும். பாக்கெட்டுகள் காத்திருக்கும் ரிங் பஃபரில் 512 இடம்தான் என்றால் மிச்சம் கீழே விழும். பாக்கெட் 64 பைட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: நொடிக்கு 1.48 கோடி வரை வரலாம், 50 மைக்ரோ நொடியே அதிகம். சிறு கேள்வி, சிறு பதில் என்று ஓடும் டேட்டாபேஸ் சர்வரில் இந்தக் காத்திருப்பு ஒவ்வொரு பதிலிலும் தெரியும். சரி, எந்த எண் வைப்பது என்று குழப்பமாக இருந்தால் பொறுக்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் முறையை இயக்கிவிட்டு, எத்டூல் புள்ளிவிவரத்தில் டிராப் (கீழே விழுந்த பாக்கெட்) எண் ஏறுகிறதா என்று ஒரு நாள் கவனியுங்கள்.