கோல்ஃப் கேள்வி–பதில்: மட்டையில் ஒரு பொட்டு

கேள்வி: நான் வலது கை ஆட்டக்காரன். தொலைதூர அடிக்கான நீண்ட மட்டையான டிரைவரைக் கையில் எடுத்தாலே பந்து வலப்பக்கமாக வளைந்து ஓடுகிறது. அதை ஈடுகட்ட இடப்பக்கம் குறிவைத்து நின்றால் இன்னும் மோசம். ஒரு நாள் நேராகப் போனால் மறுநாள் பழைய கதைதான். என்ன கோளாறு?

பதில்: இடப்பக்கம் திரும்பி நின்றால் கோளாறு கூடத்தான் செய்யும். பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பந்து புறப்படும். முகம் ஒரு திசையும், மட்டை வீசி வரும் பாதை வேறொரு திசையுமாகப் பிரிந்தால் பந்து வளையும். பிரிவு கூடக் கூட வளைவும் கூடும். நீங்கள் இடப்பக்கம் திரும்பியதும் தோள்களும் பாதையும் கூடவே திரும்பிவிடுகின்றன. முகம் மட்டும் பழையபடி இலக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வளையாமல் என்ன செய்யும்? பாதைதான் புறப்படும் திசை என்று பயிற்சியாளர்களே நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். பந்தைத் தொடரும் ரேடார் கருவிகள் வந்த பிறகுதான் அந்தப் பாடம் மாறியது.

முதலில் பிடியைப் பாருங்கள். நின்ற நிலையில் குனிந்து பார்த்தால் இடது கையின் விரல் முட்டிகள் எத்தனை தெரிகின்றன? ஒன்றுதான் என்றால், இரண்டு மூன்று தெரியும்படி கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கை முரண்டு பிடிக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். முகம் ஒரு பாகை தவறினாலே 200 மீட்டரில் பந்து சுமார் மூன்றரை மீட்டர் விலகிவிடும். அது வளைவைச் சேர்க்காத கணக்கு.

அடுத்தது, நான் எல்லோரையும் செய்யச் சொல்லும் சோதனை. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு மட்டையைப் பார்க்கும்படி பந்தை டீயில் (பந்தைத் தாங்கும் சிறு குச்சியில்) வைத்து, மை காய்வதற்குள் அடியுங்கள். எங்கே பட்டது என்று மட்டையின் முகமே காட்டிவிடும். பந்து போன வழியைப் பார்க்க வேண்டாம், பொட்டை மட்டும் பாருங்கள். ஒரு பத்துப் பந்து போதும். பொட்டுகள் மட்டையின் தண்டான ஷாஃப்ட்டை ஒட்டிய பக்கம் விழுந்தால், டிரைவரைப் பொறுத்தவரை அதுவே பந்தை வலப்பக்கம் வளைக்கும். வீசும்போது உடல் எடை கால்விரல்களை நோக்கிச் சரிகிறதா, பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். எல்லாப் பொட்டும் ஒரே தவறான இடத்தில் குவிந்திருந்தால் சந்தோஷப்படுங்கள்: உங்கள் ஸ்விங், அதாவது மட்டையை வீசும் முறை, சீராகத்தான் இருக்கிறது, திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மைத் தழும்பு போல முகம் முழுக்கச் சிதறியிருந்தால், கொஞ்ச நாள் முக்கால் வீச்சிலேயே அடியுங்கள்.

கேள்வி: பந்தின் தலையில் தட்டும்போதெல்லாம் “தலையைத் தூக்கிவிட்டாய்” என்கிறார் உடன் ஆடுபவர். தலையைக் கீழே அமுக்கி வைத்தும் பயனில்லை.

பதில்: தலைமேல் பழிபோடுவது எளிது. அனிகா சோரென்ஸ்டாமும் டேவிட் டுவாலும் அடிக்கும் கணத்திலேயே தலையை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவார்கள்; இருவருமே உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர்கள். உங்கள் சிக்கல் பெரும்பாலும் இடுப்பில் இருக்கும். குனிந்து நின்ற உடல் அடிக்கும் நேரத்தில் நிமிர்ந்தால் மட்டையும் மேலே ஏறும். எடை பின்காலிலேயே தங்கினாலும் இதே விளைவுதான். புல்தரையில் ஒரு கோடு போட்டு, பந்து வைக்காமல் ஏழாம் எண் அயர்னை (உலோகத் தலை கொண்ட நடுத்தரத் தூர மட்டையை) வீசுங்கள். மண் பெயர்வது கோட்டுக்கு முன்பக்கம், அதாவது இலக்குப் பக்கம் இருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால் எடை இன்னும் முன்காலுக்கு வரவில்லை.

கேள்வி: என் ஸ்விங் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கின் மட்டை மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றித்தான் கீழே வரும். அந்தச் சுற்றோடுதான் அவர் 2003-இல் அமெரிக்க ஓபனை வென்றார்; 2016-இல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் போட்டி ஒன்றில் பதினெட்டுக் குழி ஆட்டத்தை 58 அடிகளில் முடித்தார். பொட்டுகள் நடுவில் குவிகின்றன என்றால் ஒன்றையும் தொடாதீர்கள்.