சைவம் பிடித்தும் சீனி இறங்கவில்லையே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் சைவம், மீன் வாடையே கிடையாது. மாதம் முடிந்து கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தால் சீனி முன்பைவிட ஏறியிருக்கிறது. தாதி சிரித்தே விட்டார். இலை தழை சாப்பிட்டால் குறையும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? (52 வயது வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: தாதி சிரித்தது தப்புதான். ஆனால் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒருநாள் சாப்பாட்டை எழுதி அனுப்பியிருக்கிறீர்களே அம்மா, அதைப் படித்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. காலையில் ரொட்டி சானாய் இரண்டு, ஒரு தே தாரேக் (கெட்டிப்பால் தேநீர்). மத்தியானம் வெள்ளைச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம் நான்கு, சைவக் கடையில் வாங்கிய ‘மட்டன்’. சாயந்திரம் வடை, மறுபடியும் தே. ராத்திரி பீஹூன் கோரெங் (எண்ணெயில் பிரட்டிய அரிசி சேமியா). இதில் இறைச்சி இல்லை, சரி. கீரை எங்கே? சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டு கத்தரிக்காயை விட்டால் காய் எங்கே?

மைதா, தீட்டிய அரிசி, கெட்டிப்பால், எண்ணெய், இவையெல்லாம் விரதத்துக்கு ஆகும், இரத்தத்தில் இருக்கும் சீனிக்கு ஆகாது. அந்த ‘மட்டன்’ சோயாவும் கோதுமைப் பசையும் உப்பும் சேர்த்துச் செய்தது, எப்போதாவது ஒரு நாள் சாப்பிடலாம், தினமும் அதுதான் கறி என்றால் உப்புக் கணக்கு எங்கேயோ போய்விடும். டாக்டர்கள் சொல்கிற ‘முழுத் தாவர உணவு’ என்பது பறித்த உருவம் ஓரளவு தெரிகிற மாதிரி தட்டுக்கு வருவது: பயறு, கடலை, கீரை, காய், கிழங்கு, பழம், உமி மட்டும் நீக்கிய அரிசி. அதில் இருக்கும் நார் சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது, வயிறும் சீக்கிரம் நிறைகிறது.

நீங்கள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், நம் இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதே ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 95 பேர் தேவையான அளவு காய்கறி பழம் சாப்பிடுவதில்லை.

சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’வை உங்கள் கிளினிக் சுவரிலேயே பார்த்திருப்பீர்கள்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ, அரைப் பங்கு காயும் பழமும். நம் வீடுகளில் முதலில் சோற்றைக் கொட்டிவிடுகிறோம், அப்புறம் காய்க்கு இடம் ஏது? காயை முதலில் வையுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

பசாரில் கீரை விற்கும் மலாய்க்கார மாச்சேக்கிடம் பெகாகா கேளுங்கள், நம் வல்லாரைதான். பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, மேலே எலுமிச்சை பிழிந்து, உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். பக்கத்திலேயே நாலு ஓரமும் சுருள் சுருளாக இருக்கிற கச்சாங் போத்தோல் (சிறகவரை) கிடக்கும், அதை மெல்லிசாக வெட்டிப் பச்சையாகவே சேர்க்கலாம். வடைக்குப் பதில் அவித்த கொண்டைக்கடலை. அரிசியை ஒரேயடியாக மாற்றினால் வீட்டில் சண்டை வரும் (என் வீட்டில் வந்தது), பாதிக்குப் பாதி கலந்து ஆரம்பியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இன்சுலினோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ எடுக்கிறவர் சோற்றை ஒரேயடியாகக் குறைத்தால் சீனி மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் படிக்கும் மகன் ஆறு மாதமாகப் பால், முட்டைகூடத் தொடுவதில்லை. புரதம் போதுமா என்று பயமாக இருக்கிறது. (அம்மா, செந்தூல்)

பதில்: புரதத்துக்குப் பயப்படாதீர்கள். நூறு கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயாக்கட்டி) கிட்டத்தட்ட 19 கிராம் இருக்கிறது, பருப்பும் தவுஃபுவும் வேறு இருக்கின்றன. தெம்பேயில் மஞ்சள், உப்பு தடவி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்கப் போட்டால் ஹாஸ்டல் பையன்கூடச் செய்துவிடுவான்.

நீங்கள் கேட்காத பி12-தான் எனக்குக் கவலை. அந்த வைட்டமின் செடி கொடியில் நம்பும்படி கிடைப்பதில்லை, தெம்பேயிலும் நம்ப முடியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் முதல் ஓரிரு வருடம் ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் களைப்பு, கால் மரத்துப்போவது, மறதி. ஃபார்மசியில் மாத்திரை கிடைக்கும், கொள்கை வேறு மாத்திரை வேறு என்று மகனிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு தே குடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். (பட்டர்வொர்த் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: மெட்ஃபோர்மின் பல வருடமாக எடுத்தால் அதுவும் பி12-ஐக் குறைக்கும், அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.)

கேள்வி: கடலை, பயறு சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வயிறு உப்பி ஆபிசில் மானம் போகிறது. (வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: ஒரே நாளில் ஒரு கிண்ணம் சாப்பிட்டிருப்பீர்கள். இரண்டு மேசைக்கரண்டியில் ஆரம்பியுங்கள். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிவிடும், அதுவரை மீட்டிங் உள்ள நாளில் கடலை வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது, இன்னும் டயாலிசிஸ் ஆரம்பிக்கவில்லை. பக்கத்து வீட்டு மரத்துப் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஒரு பை நிறைய வந்திருக்கிறது. இயற்கைதானே, ஜூஸ் போட்டுக் கொடுக்கலாமா? (மகள், ஆயர் ஈத்தாம்)

பதில்: கொடுக்கவே கூடாது. பெலிம்பிங்கில் நரம்பைத் தாக்கும் நஞ்சு ஒன்று இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. முதலில் விடாத விக்கல், அப்புறம் குழப்பம், வலிப்பு, உயிரே போன சம்பவங்களும் உண்டு. ஒரே பழம்கூட ஆபத்து. ஏற்கெனவே கொடுத்துவிட்டு விக்கல் வந்திருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மேலே நான் அளந்த கீரைக் கதையும் அப்பாவுக்கு அப்படியே ஒத்துவராது. இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம், எது எவ்வளவு என்பதை அவருடைய இரத்தச் சோதனையைப் பார்த்து உணவு ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். நறுக்கிய காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும்.

அந்தப் பையை வேறு யாருக்காவது கொடுப்பதென்றாலும், அவர்கள் வீட்டில் யாருக்கும் சிறுநீரகத்தில் தொந்தரவு உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.