லேமினார் ஃப்ளோவுக்குள் குளோரோஃபார்ம் வேலை செய்யலாமா?

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் உயிர்தொழில்நுட்பத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்க அடிக்கடி ட்ரைசால் என்ற திரவமும் குளோரோஃபார்மும் பயன்படுத்துகிறோம். வடிகட்டிய காற்று ஓடும் லேமினார் ஃப்ளோ பெட்டிக்குள் வைத்து, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுத்தான் செய்கிறேன். ஆனாலும் மாலையில் தலைவலி, கிறுகிறுப்பு. சர்வீஸ் கம்பெனிக்காரர் போன மாதம்தான் பெட்டியைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தார். ஆய்வகத்தில் வேறென்ன ஆபத்து இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: லேமினார் ஃப்ளோவில் குளோரோஃபார்ம் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பெட்டி உங்களைக் காப்பாற்றச் செய்தது அல்ல, உள்ளே வளர்க்கும் செல், கிருமிக் கல்ச்சரைக் காப்பாற்றச் செய்தது. அறைக்காற்றை உறிஞ்சி, ஹெபா ஃபில்டரில் வடிகட்டி, தட்டின் மேல் ஓட்டி, உங்கள் பக்கமாக வெளியே தள்ளும். திறந்த மேசையில் செய்தால்கூட ஆவி நாலு பக்கமும் பரவும். இதில் நேரே முகத்துக்கு வருகிறது.

சான்றிதழ் பொய் என்று சொல்லமாட்டேன். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை ஃபில்டர் பிடிக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். தூசிக்கும் கிருமிக்கும் அது சரி. குளோரோஃபார்ம் ஆவி அதில் நிற்காது. கொசுவலையில் ஊதுபத்திப் புகை நிற்குமா? என்95 மாஸ்க்கும் இதே கதைதான்.

'வாசனையே வரவில்லையே' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளோரோஃபார்ம் மூக்குக்குத் தெரியவே காற்றில் ஏறத்தாழ 85 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 85 பங்கு) வேண்டும். எட்டு மணி நேர வேலைக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 10 பிபிஎம். தலைவலியோடு டாக்டரிடம் போகும்போது 'குளோரோஃபார்ம்' என்று பெயரைச் சொல்லுங்கள். கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஃப்யூம் ஹுட், அதாவது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி. துறையில் ஒன்று அநேகமாக இருக்கும், பாட்டில் அடுக்கும் அலமாரியாக! காலி செய்து, டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்துக் கண்ணாடிக் கதவின் கீழ் விளிம்பில் பிடியுங்கள். தாள் உள்பக்கம் இழுபட வேண்டும். தொங்கினாலோ உங்கள் பக்கம் ஆடினாலோ அது ஹுட் இல்லை. காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் கிடைத்தால் வாய்ப்பகுதியில் நொடிக்கு அரை மீட்டர் அளவு காட்ட வேண்டும். வேலையை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிச் செய்யுங்கள்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கிருமி வேலைக்கான பாதுகாப்புப் பெட்டியான பயோசேஃப்டி கேபினெட்டில் இரண்டாம் வகுப்பு பி2 என்று ஒன்று இருக்கிறது. சாதாரண ஏ2 வகை பெரும்பகுதிக் காற்றை உள்ளேயே சுற்றவிடும். பி2 முழுவதையும் குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே அனுப்பும். அதனால் கிருமி வேலையோடு சேர்ந்து வரும் சிறிதளவு ரசாயனத்தை அதில் கையாளலாம். சிறிதளவு மட்டும்தான், அது ஹுட்டுக்கு மாற்று இல்லை. ஆனால் விற்பனையாளர் 'எங்களுடையதும் பி2 மாதிரிதான் சார்' என்பார். 'மாதிரி' என்று காதில் விழுந்ததுமே மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். கேபினெட்டின் தலையிலிருந்து குழாய் அங்கே வருகிறதா? அதன் முனையில் புளோவர் சுற்றுகிறதா? புளோவரை நிறுத்தினால் கீழே அலாரம் அடிக்கிறதா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஆவி வேலைக்கு அதை நம்பாதீர்கள். குழாய் ஃபால்ஸ் சீலிங்கோடு முடிந்துபோன 'பி2'வை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து கையுறை. மெல்லிய நைட்ரைல் ரப்பர் கையுறையைக் குளோரோஃபார்ம் சில நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும். சொட்டு விழுந்தால் உடனே கழற்றிக் கைகழுவி வேறு மாட்டுங்கள். டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரச நஞ்சின் ஒருசில சொட்டு லேட்டக்ஸ் கையுறைமேல் விழுந்ததால் 1997 ஜூனில் இறந்தார். நச்சு உலோகங்களில் நிபுணர் அவர், வேலை செய்ததும் ஃப்யூம் ஹுட்டில்தான். அந்தக் கையுறையை அந்தத் திரவம் 15 நொடியில் கடக்கும் என்பது பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது.

சரி, மற்ற ஆபத்துகளை எப்படிக் கண்டுபிடிப்பது? படிவத்தை எடுக்காதீர்கள். ஒரு டியூபைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் திறப்பது முதல் கழிவு போவது வரை கூடவே நடங்கள். உங்கள் டியூபையே எடுத்துக்கொள்வோம். ட்ரைசாலில் ஃபீனால் இருக்கிறது. அது தோலை மரத்துப்போகச் செய்யும், வலிக்காததால் பட்டதே தெரியாது. நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தோலில் பட்ட ஃபீனாலைத் துடைத்தெடுக்க பி.ஈ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) 300 அல்லது 400 ஒரு பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். அப்புறம் சிங்க். ட்ரைசாலில் குவானிடின் தயோசயனேட் என்ற உப்பும் உண்டு. சிந்தியதைத் துடைக்க யாராவது பிளீச் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். கடைசியில் கழிவு கேன். குளோரோஃபார்ம் கேனிலேயே அசிட்டோனையும் கொட்டுகிறார்களா? கொஞ்சம் காரம் (ஆல்கலி) சேர்ந்தால் போதும், சூடேறி வெடிக்கலாம். ஒரே டியூபில் மூன்று ஆபத்து வந்துவிட்டது பாருங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்கும். அதன் 16 பகுதிகளையும் படிக்கத் தேவையில்லை. 2, 4, 8, 10 படித்தால் உங்களுக்குப் போதும்.

'நாங்கள் ரிஸ்க் அசெஸ்மென்ட் ஃபைல் ரெடியாகத் தருகிறோம்' என்று ஒருவர் வருவார். கல்லூரிக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் (NAAC) குழு வரும் வாரத்தில் கட்டாயம் வருவார். பக்கத்துக் கல்லூரிப் பெயரை அழித்து உங்கள் பெயரைப் போட்ட ஃபைல் அது. மரபணு வேலைக்கு அனுமதி தர ஒரு குழு, எலிச் சோதனைக்கு ஒரு குழு என்று கல்லூரியிடம் கேட்கிறார்கள். அந்த எலியின் திசுவை குளோரோஃபார்மில் கலக்கும் மாணவரைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. தொழிற்சாலை என்றால் இன்ஸ்பெக்டராவது வருவார்.

பழைய ரசாயனத்தை 'இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்' என்பவரிடமும் ஜாக்கிரதை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரக் கடிதமும், கழிவு எங்கே போகிறது என்று காட்டும் மானிஃபெஸ்ட் படிவமும் இல்லாவிட்டால், அது ஏதோ ஓர் ஏரிக்கரைக்குத்தான் போகிறது.

உங்கள் ஆய்வு கைடிடம் கேட்கும்போது புது ஹுட் கேட்டு ஆரம்பிக்காதீர்கள், பட்ஜெட் இல்லை என்று அங்கேயே முடிந்துவிடும். குளோரோஃபார்ம் தேவைப்படாத, சிலிக்கா நிரப்பிய சிறு குழாயில் (column) ஆர்.என்.ஏ. பிரிக்கும் கிட் வாங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வேதியியல் துறையின் ஹுட்டை வாரத்தில் இரண்டு பிற்பகல் கேளுங்கள். இரண்டையும் மின்னஞ்சலில் கேளுங்கள், துறைத்தலைவருக்கும் நகல் போகட்டும்.